பெரிய லேத்துக்கு ஒரு குடுவை

பட்டறையில் அவரை எல்லோரும் நிதானம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருந்தது. அது வருகைப் பதிவேட்டில் தூங்கிக்கொண்டிருந்தது. தேநீரை ஆறவைத்து, ஆறிப்போனதைச் சூடாக்கி, அதையும் ஆறவைத்துக் குடிக்கிற மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவது? ஒரு கட்டில் கால் கடைய வேண்டுமென்றால் கட்டையைப் புரட்டிப் பார்ப்பார், தட்டிப் பார்ப்பார், மோந்து பார்ப்பார். 'ஏத்தலாமா?' என்று அதனிடமே அனுமதி கேட்காத குறைதான். அதற்கப்புறம்தான் லேத்தில் ஏற்றிச் சுழலவிடுவார். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பதினெட்டு வருஷத்தில் அவர் கடைந்த கால் ஒன்றுகூடக் குறை என்று திரும்பி வந்ததில்லை.

அந்தப் பதினெட்டு வருஷத்தையும் சுவரோரத்துச் சின்ன லேத்தில் குனிந்தே கழித்தார். லேத் குட்டை, மனிதர் நெட்டை. காலையில் நிமிர்ந்து வருவார்; சாயங்காலம் கேள்விக்குறி மாதிரி வீட்டுக்குப் போவார். அவர் மனைவி முதுகில் தைலம் தேய்த்துக்கொண்டே, "உங்களுக்குத் தேய்ச்சுத் தேய்ச்சு என் கைரேகையே அழிஞ்சுபோச்சு" என்பாள். "நான் எங்கயாவது திருடினாக்கூட இனிமே யாராலயும் கண்டுபிடிக்க முடியாது."

பட்டறையில் இன்னொரு லேத் இருந்தது. ஜன்னலோரத்தில், நல்ல வெளிச்சத்தில், நின்றபடி வேலை செய்கிற உயரத்தில். இரண்டு கையாலும் கட்டிப்பிடிக்கிற பருமனுள்ள கட்டையைக்கூட அதில் ஏற்றலாம். பெரிய லேத் என்பார்கள். அதை மேஸ்திரி மட்டும்தான் தொடுவார். இப்போது அவருக்கு முழங்கால் இரண்டும் மக்கர் செய்ய, இந்த மாதக் கடைசியோடு மகள் வீட்டுக்குப் போய்விடுகிறேன் என்று சொல்லியிருந்தார்.

அவருக்கு அப்புறம் பெரிய லேத் யாருக்கு? அதை முதலாளிகூடத் தீர்மானிக்க முடியாது. மோட்டார் வராத காலத்திலிருந்தே அதற்கு ஒரு முறை இருந்தது. அன்றைக்கு அறுத்த பச்சைக் கட்டை ஒன்றை எடுக்க வேண்டும். அதை ஒரே மூச்சில் குடுவையாகக் கடைய வேண்டும். வயிறு ஒரு ஜாண் அகலம். வாய் இரண்டு விரல் நுழைகிற அளவு. முடிந்ததும் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே ஒரு சின்ன விளக்கை விடுவார்கள். ஈர மரம் மெலிந்தால் வெளிச்சத்தை வெளியே விடும். குடுவை முழுக்க ஒரே சீராக ஒளிர வேண்டும். கனத்த இடம் கறுப்பாகத் தெரிந்துவிடும். ஓட்டை விழுந்தால் சொல்லவே வேண்டாம்.

கட்டில் கால் கடைகிறவருக்கு உளி எங்கே போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். குடுவைக்கு அந்தப் பாக்கியம் கிடையாது. வாய் வழியாக முனை வளைந்த கொக்கி உளியை உள்ளே விட்ட பிறகு அது என்ன செய்கிறது என்பது அதற்கும் மரத்துக்கும் மட்டுமே தெரிந்த விஷயம். கையில் வருகிற அதிர்வும் காதில் விழுகிற சத்தமும்தான் துணை. சுவர் கனமாக இருக்கும்போது மரம் அடித்தொண்டையில் பேசும். மெலிய மெலியக் குரல் ஏறும். அது எங்கே நின்றால் போதும் என்று கண்டுபிடிக்கிறவர்தான் பெரிய லேத்துக்கு உரியவர்.

போட்டிக்கு இரண்டு பேர்தான் கை தூக்கினார்கள். ஒன்று நிதானம். இன்னொன்று பம்பரம்.

பம்பரம் பட்டறையில் ஒரே பெண். நாற்பது வயது, ஆள் குள்ளம். வேலைக்குச் சேர்வதற்கு முன்னால் பொம்மைப் பம்பரங்கள் கடைந்துகொண்டிருந்ததால் அந்தப் பெயர். சேர்ந்த நாளில், "பம்பரம் கடைஞ்ச கை கட்டிலைத் தாங்குமா?" என்று சிரித்தவர்களில் நிதானமும் உண்டு. அவள் உளியை எடுத்தாள். ஆறு வருஷமாகக் கடைந்துகொண்டிருந்தாள். அவ்வளவுதான்.

இரண்டு பேருமே தோற்றால்? அதற்கும் முறை இருந்தது. பட்டறையில் வருஷம் அதிகம் யாருக்கோ அவருக்கு. அதாவது நிதானத்துக்கு.

முதல் நாள் நிதானத்தின் முறை. அவர் எப்படிக் கடைவாரோ அப்படித்தான் கடைந்தார், அழகாக, அவசரமில்லாமல். தோள் முடிந்து வயிற்றில் பாதி வந்தபோது உளி லேசாக மழுங்கியது. மழுங்கிய உளியோடு வேலை செய்வது அவருக்கு அழுக்குச் சட்டையோடு கல்யாணத்துக்குப் போவது மாதிரி. லேத்தை நிறுத்தினார். சாணைக்கல்லுக்குப் போனார். தீட்டினார். தோல் வாரில் தேய்த்தார். நகத்தில் வைத்துப் பார்த்தார். திருப்தி இல்லை. மறுபடி தீட்டினார். பட்டறையில் கட்டில்களுக்கு மெருகு பூசுகிற வார்னிஷ்காரரின் கைக்கடிகாரப்படி பன்னிரண்டு நிமிஷம்.

அந்தப் பன்னிரண்டு நிமிஷமும் ஜன்னல் வெயில் குடுவையின் மேல் விழுந்துகொண்டிருந்தது. மெலிந்த ஈர மரம் யாருக்காகவும் காத்திருக்காது. ஒரு பக்கம் காய்ந்து, கண்ணுக்குத் தெரியாமல் கோணிவிட்டது. நிதானம் திரும்பி வந்து, கத்தி மாதிரி இருந்த உளியை உள்ளே விட்டார். டக், டக் என்று இரண்டு சத்தம். மூன்றாவது, டப். குடுவையின் வயிற்றில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஓர் ஓட்டை. அது வழியாக ஜன்னல் வெளிச்சம் உள்ளே போனது.

வார்னிஷ்காரர் எட்டிப் பார்த்தார். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அவருக்குத் தெரியாது. "அண்ணே, இன்னும் அஞ்சு ஓட்டை போட்டா ஊதலாம்" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவரே பாதியில் சிரிப்பை விழுங்கிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் தைலம் தேய்க்கும்போது மனைவி கேட்டாள். "போகட்டும் விடுங்க. அவளும் உடைச்சா லேத் உங்களுக்குத்தானே?"

"ம்."

"நான் வேணும்னா வேண்டிக்கவா?"

"எதுக்கு? அவ உடைக்கணும்னா?"

"அப்படிச் சொல்லுவேனா? உங்க முதுகு நல்லா இருக்கணும்னு வேண்டிக்குவேன். அதை எப்படிச் செய்யறதுன்னு சாமி பாத்துக்கட்டும்."

நிதானம் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு சிரித்தார். ஆனால் தான் சொன்ன அந்த 'ம்' அவருக்கே பிடிக்கவில்லை.

மறுநாள் காலை பம்பரம் வந்தாள். வந்ததும் பெரிய லேத்துக்கு முன்னால் ஒரு பலகையைப் போட்டாள். அது இல்லாமல் அவளுக்கு உயரம் எட்டாது. பிறகு ஒரு துணியை விரித்துச் சாமான்களை வைத்தாள். தண்ணீர் தெளிக்கிற பாட்டில். நனைத்துப் பிழிந்த துணி. குடுவைக்குள் சேருகிற மரச் சக்கையை அள்ள நீளக் காம்புக் கரண்டி. அப்புறம் கொக்கி உளிகள்; ஒன்று, இரண்டு, மூன்று. மூன்றும் ஒரே மாதிரி, மூன்றும் முந்தின நாள் வீட்டிலேயே தீட்டி முடித்தவை.

நிதானம் அந்த மூன்று உளிகளைப் பார்த்தார். ஒன்று மழுங்கினால் அடுத்ததை எடுத்துக்கொள்ளலாம். சாணைக்கல்லுக்கு நடக்கவே வேண்டாம். இவ்வளவுதானா விஷயம்? இவ்வளவு தூரம் யோசிக்கிற மனிதனுக்கு இது ஏன் தோன்றவில்லை என்று தன்னையே கேட்டுக்கொண்டார்.

"அண்ணே, இங்கயே பக்கத்துல நில்லுங்க" என்றாள் பம்பரம். "நான் ஏதாவது தப்பாப் போனா மூஞ்சியைச் சுளிங்க. நிறுத்திடறேன்."

"போட்டிக்காரன் மூஞ்சியைப் பாத்தா வேலை செய்யப் போறே?"

"உங்க மூஞ்சிக்குப் பொய் சொல்ல வராதுண்ணே."

மேஸ்திரி கட்டையைக் காட்டினார். முசுக்கொட்டை மரம், காலையில்தான் அறுத்தது. வெட்டுப்பட்ட முகத்தில் இன்னும் நீர் கசிந்துகொண்டிருந்தது. "ஆரம்பிம்மா" என்றார்.

லேத் சுழன்றது. முதலில் பட்டை பறந்தது; அப்புறம் ஈரம். எதிரே நின்ற எல்லார் முகத்திலும் சாரல். வார்னிஷ்காரர் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "காலையில குளிக்காதது நல்லதாப் போச்சு" என்றார். உள்ளிருந்து மரத்தின் நிறம் வெளியே வந்தது. மஞ்சள் என்றால் அப்படியொரு மஞ்சள், வெயிலைப் பிழிந்து வைத்த மாதிரி. உளியிலிருந்து சக்கை நாடா நாடாவாகச் சுருண்டு அவள் தோளில் மாலையாக விழுந்தது. அவள் அதைத் தட்டிவிடக்கூட இல்லை.

நிதானம் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார். முதலில் குற்றம் கண்டுபிடிக்கத்தான் பார்த்தார். மனசு என்றால் அப்படித்தான். கால் வைத்திருப்பது சரியா? சரி. உளியின் பிடியை அக்குளுக்கடியில் அணைத்துக்கொண்டிருப்பது சரியா? சரி. கை உளியைத் தள்ளுகிறதா? இல்லை; உடம்பு முழுக்க லேசாகச் சாய்ந்தது, உளி அதோடு கூடப் போனது. கையால் தள்ளுகிறவருக்கு ஒரு கட்டத்தில் கை நடுங்கும். உடம்பால் போகிறவருக்கு எதுவும் நடுங்காது. அது நிதானத்துக்கு ஏழெட்டு வருஷம் கழித்துப் பிடிபட்ட விஷயம். இவள் சேர்ந்தே ஆறு வருஷம்தான்.

வெளி வடிவம் முடிந்தது. சின்னக் கழுத்து, அகன்ற தோள், உருண்ட வயிறு, ஒடுங்கின அடி. நடுவில் நேராகத் துளை போட்டாள். பிறகு கொக்கி உளி உள்ளே போனது. இனிமேல் கண்ணுக்கு வேலை இல்லை. பம்பரம் கண்ணை மூடிக்கொள்ளவில்லை. ஆனால் ஜன்னலுக்கு வெளியே எங்கேயோ பார்த்தாள். இடது கை விரல்கள் சுழலுகிற குடுவையின் தோளில் பூ மாதிரித் தொட்டும் தொடாமலும் இருந்தன. கொஞ்சம் கடைவாள், நிறுத்துவாள், கரண்டியால் சக்கையை அள்ளுவாள், தண்ணீர் தெளிப்பாள், மறுபடி சுழற்றுவாள். மேலிருந்து கீழே, கட்டம் கட்டமாக. ஒரு கட்டம் மெலிந்துவிட்டால் மறுபடி அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவே கூடாது. அடியில் கனம் இருக்கும்போதுதான் மேலே மெலிய முடியும்.

தோள் முடிந்தது. வயிற்றின் வளைவில் உளி இறங்கியது. நேற்று நிதானத்தைக் கவிழ்த்த இடம். அவர் தன்னையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

அப்போது மின்சாரம் போனது.

மோட்டார் ஒரு முனகல் முனகி அடங்கியது. மேலே மின்விசிறி சோம்பேறித்தனமாக நாலு சுற்றுச் சுற்றி நின்றது. பம்பரம் உளியைச் சட்டென்று, ஆனால் எங்கும் இடிக்காமல், வெளியே எடுத்தாள். ஈரத்துணியைக் குடுவையின் மேல் சுற்றினாள். காய்ச்சல்காரக் குழந்தைக்கு நெற்றியில் துணி போடுகிற மாதிரி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

வார்னிஷ்காரர் தெருவுக்கு ஓடிப்போய்த் திரும்பினார். "கம்பத்து மேல ஆள் ஏறியிருக்காங்க. ஏதோ மாத்தறாங்களாம். சாயங்காலம் ஆகுமாம்."

"துணி ஒரு மணி நேரம் தாங்கும்" என்றார் மேஸ்திரி. "அதுவே அதிகம். உள்ளுக்குள்ள காயாட்டியும் மரம் தளர ஆரம்பிச்சிடும்." அவர் குரலில் வருத்தம் இருந்தது, ஆனால் முறை முறைதான்.

பம்பரம் நிதானத்தைப் பார்த்துச் சிரிக்க முயன்றாள். "அண்ணே, லேத் உங்களுக்குத்தான் போலிருக்கு. நல்லா வச்சுக்குங்க."

நிதானம் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். முதுகு சந்தோஷப்பட்டது, அதை மறைக்க முடியாது. பதினெட்டு வருஷமாகக் குனிந்த முதுகு, 'ஆச்சு, இனிமே நிமிரலாம்' என்றது. ஆனால் அவர் கண் அவளுடைய கைகளை விட்டு நகரவில்லை. அந்தத் துணிக்குள்ளே பாதி முடிந்த வேலை ஒன்று இருந்தது. தோள் எவ்வளவு மெலிந்திருக்கிறது, வளைவில் எப்படித் திரும்பியிருக்கிறாள் என்று யாருக்கும் தெரியாமலே அது கோணிப்போகும். நாளைக்கு அடுப்புக்குப் போகும். நல்ல வேலையைப் பாதியில் சாகவிட்டு நிற்கிற ஆளா நான்?

"எது வரைக்கும் வந்திருக்கே?" என்று கேட்டார்.

"தோள் முடிஞ்சது. வயிறு பாதி. அடி அப்படியே இருக்கு."

நிதானம் திரும்பிச் சுவரைப் பார்த்தார். பெரிய லேத்துக்குப் பின்னால், சுவரோடு சுவராக, ஆள் உயரத்துக்கு ஒரு மரச் சக்கரம் நின்றது. பிடி வைத்த கைச்சக்கரம். மோட்டார் வந்த பிறகு அதைச் சுற்றினவர்கள் யாரும் இல்லை. இப்போது அதில் ஐந்து சாப்பாட்டுப் பைகளும் ஒரு குடையும் வார்னிஷ்காரரின் இன்னொரு சட்டையும் தொங்கின.

"மேஸ்திரி, மோட்டார் வராதப்போ இந்தக் குடுவையை எப்படிக் கடைஞ்சீங்க?"

"நான் கடைஞ்சேன். என் மச்சான் சுத்தினான். ஒரு வாரம் கையைத் தூக்க முடியலைன்னு பொலம்பினான். என் அக்காதான் ஊட்டிவிட்டா."

"அப்ப, சக்கரத்தை இன்னார்தான் சுத்தணும்னு முறையில ஏதும் இல்லையே?"

மேஸ்திரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "இல்ல. ஆனா நிதானம், நல்லா யோசிச்சுக்கோ. நீ சுத்தற ஒவ்வொரு சுத்துக்கும் உன் லேத்துதான் உன்னை விட்டுப் போகுது."

"யோசிச்சா கட்டை கோணிடும்" என்று சொல்லிக்கொண்டே நிதானம் முதல் சாப்பாட்டுப் பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

"நிதானம் அண்ணன் அவசரப்படறாரு!" என்று கத்தினார் வார்னிஷ்காரர். "யாராவது காலண்டர்ல குறிச்சு வைங்கப்பா!" கத்தினாலும் மற்ற பைகளைக் கழற்றினது அவர்தான். மோட்டாரின் பட்டையைத் தள்ளிவிட்டு, சக்கரத்தின் பழைய தோல் பட்டையை லேத்தின் தலையில் மாட்டினார்கள். அச்சில் எண்ணெய் விட்டார்கள். சக்கரம் முதல் சுற்றுக்கு, தூக்கத்தில் எழுப்பின கிழவர் மாதிரி முனகியது. மூன்றாவது சுற்றில் சரியாகிவிட்டது.

பம்பரம் நன்றி சொல்லக்கூட நிற்கவில்லை. துணியை அவிழ்த்தாள். விரலால் குடுவையைத் தடவி, அதன் உருண்டை கெடவில்லை என்று பார்த்தாள். இரண்டாவது உளியை எடுத்துக்கொண்டு பலகை மேல் ஏறினாள். "சீராச் சுத்துங்கண்ணே. வேகம் வேண்டாம். சீரா."

"அது ஒண்ணுதான் எனக்குத் தெரியும்" என்றார் நிதானம்.

சக்கரத்துக்குப் பக்கத்தில் நின்றால் அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. குடுவை தெரியாது, உளி தெரியாது. ஆனால் சுற்ற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில் அவருக்கு ஒரு விஷயம் புரிந்து, கையே சிலிர்த்தது. உளி மரத்தைத் தொட்டதும் பிடி கனத்தது. உளி விலகினதும் லேசானது. அவள் உள்ளே செய்வதெல்லாம் தோல் பட்டை வழியாக அவர் உள்ளங்கைக்கு வந்தது! பார்க்க முடியாத அந்த இருட்டுக்குள் அவளோடு அவரும் இருந்தார்.

இன்னொன்றும் இருந்தது. மோட்டார் இரைச்சல் இல்லாத பட்டறை. அந்த லேத்தில் மரம் பேசுவதை இவ்வளவு தெளிவாக அவர் கேட்டதே இல்லை. அடித்தொண்டையில் தொடங்கி, மெல்ல மெல்ல ஏறி, ஓரிடத்தில் நிற்கும். உளி கொஞ்சம் கீழே நகரும். மறுபடி அடித்தொண்டை, மறுபடி ஏற்றம். ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் நின்றது. ஒரு இழை கூடவும் இல்லை, ஒரு இழை குறையவும் இல்லை. பாட்டு வாத்தியார் சுருதி சேர்த்து வைத்த மாதிரி.

வயிற்றின் வளைவு வந்தது. நேற்று இந்த இடத்தில் தன் கையில் உளி எப்படித் துள்ளியது என்று நிதானத்துக்கு ஞாபகம் வந்தது. பிடி லேசாகக் கனத்தது. கனம் அப்படியே இருந்தது. குலுக்கல் இல்லை, துள்ளல் இல்லை. தூங்குகிற குழந்தையை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றுகிற மாதிரி அவள் அந்த வளைவைத் தாண்டினாள். 'அடேயப்பா' என்று அவர் வாய்க்குள்ளேயே சொல்லிக்கொண்டார். இத்தனை நாள் நாலு அடி தள்ளி நின்று இவள் வேலை செய்ததைப் பார்த்திருக்கிறார். இவள் கையை இன்றைக்குத்தான் தெரிந்துகொண்டார்.

அந்த நேரத்தில் அவர் கை ஒரே ஒரு தடவை வெட்டி இழுத்திருந்தால் போதும். யாரும் குற்றம் சொல்லியிருக்க மாட்டார்கள். ஐம்பத்திரண்டு வயது மனிதரின் கை, பழைய சக்கரம். அந்த நினைப்பு வந்தது. வந்ததை மறைப்பானேன்? வாசலில் வந்து நின்ற விற்பனைக்காரனைப் போல வந்தது. 'ஒண்ணும் வேண்டாம், போ' என்று சொல்லிவிட்டுச் சுற்றினார்.

வலது கை மரத்துப்போனது. முதுகில் யாரோ ஆணி அடித்தார்கள். "மாத்தட்டுமாண்ணே?" என்று வார்னிஷ்காரர் கையை நீட்டினார்.

"வேண்டாம். ஆள் மாறினா சீர் மாறும்." நிதானம் சுற்றை விடாமல் இடது கைக்கு மாறினார். அந்த ஒரு நொடியில் சக்கரம் ஒரு இமை தயங்கியது. பம்பரத்தின் உளி அதே நொடியில் மரத்தை விட்டு விலகி, மறுபடி தொட்டது. பின்னால் நடந்ததை அவள் எப்படிக் கண்டுகொண்டாள்? அவருக்குப் பட்டை வழியாக அவள் தெரிந்த மாதிரி, அவளுக்கு மரம் வழியாக அவர் தெரிந்திருக்க வேண்டும்.

மூன்றாவது உளி. அடி. அடிப்பாகம்தான் கடைசிச் சோதனை; ஒரு ஜாண் நீளத்துக்கு உள்ளே போன உளியின் முனை, வெளியே உளியைத் தாங்குகிற கம்பியிலிருந்து அவ்வளவு தூரம். பிடி கனத்தது, லேசானது, கனத்தது, லேசானது. அப்புறம் லேசாகவே இருந்தது.

"போதும்ணே" என்றாள் பம்பரம்.

நிதானம் சக்கரத்தை நிறுத்தினார். நின்ற சக்கரத்திலேயே சாய்ந்துகொண்டார்.

பம்பரம் குடுவையை அடியில் அறுத்து லேத்திலிருந்து எடுத்து நிமிர்த்தி வைக்க, ஜன்னல்களைச் சாத்தினார்கள். விளக்குப் போட மின்சாரம் இல்லை. வார்னிஷ்காரர் மெருகின் பளபளப்பைச் சாய்த்துப் பார்ப்பதற்காகச் சட்டைப் பையில் எப்போதும் வைத்திருக்கும் பேனா அளவு டார்ச்சை எடுத்துக் கொடுத்தார். மேஸ்திரி அதை நூலில் கட்டிக் குடுவையின் வாய்க்குள் இறக்கினார்.

எல்லோரும் கழுத்தை நீட்டிப் பார்த்தார்கள்.

அந்த இருட்டில் குடுவை ஒளிர்ந்தது. தேனை நிரப்பின மாதிரி ஒரு வெளிச்சம். மரத்தின் வளையங்கள் அதற்குள் மெல்லிய கோடுகளாக ஓடின. ஒரு கிளை முளைக்கப் பார்த்து நின்றுபோன இடம் சின்னச் சுழியாகத் தெரிந்தது. தோளும் ஒரே நிறம், வயிறும் ஒரே நிறம், அடியும் ஒரே நிறம். மேஸ்திரி அதைக் கையில் எடுத்து மெதுவாகத் திருப்பினார். பனங்காய் அளவு இருந்த பொருளைக் கோழிமுட்டையைத் தூக்குகிற மாதிரி தூக்க வேண்டியிருந்தது. அவ்வளவு லேசு.

பிறகு அவர் விரல் ஓரிடத்தில் நின்றது. வயிற்றுக்குக் கீழே, முடி கனத்துக்கு ஒரு நிழல் கோடு, வளையல் மாதிரி சுற்றி வந்தது. "இது என்ன?"

"என் கைதான் மேஸ்திரி" என்றாள் பம்பரம். "ஒரு நொடி உளியை எடுத்துட்டேன்."

"பொய்" என்றார் நிதானம். "அது நான் கை மாத்தின இடம். அவ எடுக்கலைன்னா அங்க ஓட்டை விழுந்திருக்கும்."

"இல்ல மேஸ்திரி, நான்தான்..."

"ஏம்மா, என் தப்பையாவது எனக்குக் குடேன். லேத்தைத்தான் எடுத்துக்கிட்டே!"

வார்னிஷ்காரர் வாய்விட்டுச் சிரித்தார். அப்புறம் எல்லோரும். மேஸ்திரி சிரித்தபடியே இடுப்பிலிருந்து ஒரு சாவியை அவிழ்த்தார். கட்டையை லேத்தில் இறுக்குகிற இரும்புச் சாவி. இருபத்தேழு வருஷம் அவர் இடுப்பில் கிடந்து பளபளத்தது. அதைப் பம்பரத்தின் கையில் வைத்தார். "கோடு இருக்கட்டும்" என்றார். "யார் சுத்தினாங்கன்னு நாளைக்கு ஒருத்தர் கேட்டா காட்டலாம்."

ஜன்னலைத் திறந்தார்கள். பம்பரம் சாவியை இடுப்பில் செருகினாள். குனிந்து, அதுவரை தான் ஏறி நின்ற பலகையைப் பார்த்தாள். பிறகு சுவரோரத்துச் சின்ன லேத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, இதோட காலுக்கு அடியில கட்டை வச்சு உசத்தினா என்ன?"

பட்டறையே அந்த லேத்தைத் திரும்பிப் பார்த்தது. பதினெட்டு வருஷம். மனிதரைக் குனிய வைத்தார்களே ஒழிய லேத்தை நிமிர்த்தலாம் என்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. மேஸ்திரிக்குத் தோன்றவில்லை. குனிந்தவருக்கே தோன்றவில்லை.

நிதானம் குனிந்து லேத்தின் காலைத் தட்டிப் பார்த்தார். "அது... யோசிக்கணும்" என்றார்.

"பதினெட்டு வருஷம் யோசிச்சது போதும்ணே" என்றாள் பம்பரம். பெரிய லேத்துக்காரியாக அவள் போட்ட முதல் உத்தரவு அதுதான். பருமனான கட்டையில் நாலு துண்டு அறுத்தார்கள். நாலு பேர் லேத்தைத் தூக்க, அவளே மண்டிபோட்டு ஒவ்வொன்றாகக் காலடியில் தள்ளினாள். நிதானத்தை அதன் முன்னால் நிற்க வைத்து, முழங்கையின் உயரத்துக்கு வந்துவிட்டதா என்று பார்த்தாள். இரண்டு விரற்கடை குறைந்தது. மறுபடி தூக்கச் சொன்னாள். வார்னிஷ்காரர் மூச்சு வாங்கிக்கொண்டே, "இந்தம்மா முதல் நாளே நம்ம முதுகை ஒடிச்சிரும்டா" என்று புலம்பினார்.

அன்று சாயங்காலம் நிதானம் வீட்டுக்கு வந்தபோது அவர் மனைவி தைலப் புட்டியோடு வாசலிலேயே நின்றாள். முகத்தைப் பார்த்தாள், ஒன்றும் பிடிபடவில்லை.

"என்ன ஆச்சு? உடைச்சாளா?"

"இல்ல."

"அப்ப லேத்?"

"அவளுக்கு."

அவள் பெருமூச்சு விட்டுப் புட்டியின் மூடியைத் திறந்தாள். "சரி, படுங்க. முதுகைக் காட்டுங்க."

"முதுகு வேண்டாம்" என்றார் நிதானம். இரண்டு கைகளையும் நீட்டினார். தோளிலிருந்து விரல் நுனி வரை அவை நடுங்கிக்கொண்டிருந்தன, உள்ளங்கைகளில் கொப்புளம். "இதைத் தேய். நீ பாத்திருக்கணும்டி. என்ன வேலை! என்ன கை அது!"

"யாரு கை? உங்க கையா?"

"அவ கை. அவ கடைஞ்சா." அவர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு, சின்னப் பையன் மாதிரி முகம் மலர்ந்து சொன்னார். "நான் சுத்தினேன்."